காலை ஆறு ஐம்பத்திரண்டு

ஜெயவேலுவுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. முகூர்த்தத்துக்கு முன்னால் மற்ற போட்டோகிராபர்கள் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது காபிக்குக் காத்திருப்பார்கள். இவன் மட்டும் ஜன்னல் ஜன்னலாகப் போய் மண்டபத்தைச் சுற்றியுள்ள மரங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் ஸ்டுடியோ. பன்னிரண்டு வருஷத் தொழில். கல்யாணங்கள் அவனுக்குச் சோறு போட்டன. பறவைகள் அந்தச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட விடாமல் செய்தன.

இந்தக் கிறுக்கு பிடித்த கதை ரொம்பச் சின்னது. நாலு வருஷத்துக்கு முன்னால் வேளச்சேரியில் ஒரு சீமந்தம் முடித்துத் திரும்பும்போது பள்ளிக்கரணையில் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவன் சாலையோரம் நின்று சதுப்பைப் பார்த்தான். நீல உடம்பும் சிவப்பு நெற்றியுமாக ஒரு தாழைக்கோழி, கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. ஃபிலிமில் மிச்சமிருந்த ஆறு படத்தையும் அதற்கே செலவழித்துவிட்டு வந்தான். "அன்னிக்கு டயர்ல ஏறின முள்ளு இன்னும் இவருகிட்டயேதான் கீது" என்று ரேணுகாம்பாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெண்டாட்டி சொன்னால் பொய்யாகவா இருக்கும்.

அதற்காகத் தொழிலில் அவன் சோடை என்று நினைத்துவிடக் கூடாது. தாம்பரம் வட்டாரத்தில் அவன் ஆல்பத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மற்றவர்கள் எடுத்த தாலி கட்டும் படத்தில் மணப்பெண்ணின் உச்சந்தலையும் பூவும்தான் தெரியும். இவன் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பெண்ணிடம் போய்ச் சொல்லி வைப்பான்.

"மோளம் கொட்டின உடனே ஒரே ஒரு தடவ தலையத் தூக்கி என்ன பாரும்மா. நான் நேரா எதுர்லதான் நிப்பேன். அந்த ஒரு படம் ஆயுசுக்கும் பேசும்."

பெண்கள் வெட்கப்படுவார்கள், அத்தைமார்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் ஆல்பம் வந்ததும் அந்தப் பக்கத்தில்தான் எல்லாருடைய விரலும் நிற்கும். கழுத்தில் தாலி ஏற, கண் நிமிர்ந்து நம்மையே பார்க்கும் ஒரு முகம். அந்த ஒரு பார்வைக்காகவே அவனைத் தேடி வந்தார்கள்.

சேலையூர் பக்தவச்சலமும் அப்படித்தான் வந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர். இரண்டாவது மகள் துர்காவுக்குக் கல்யாணம், 2006 ஐப்பசியில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். வீடியோ கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூத்த மகள் கல்யாண வீடியோவில் அவர் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சியதை இரண்டு நிமிஷம் காட்டியிருந்தார்களாம், சம்பந்தி வீட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரித்தார்களாம். "போட்டோன்னா சத்தம் வராது ஜெயவேலு. நீ மட்டும் போதும்" என்றார்.

அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. துர்கா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் பெண், கலகலவென்று பேசுகிறவள். ஜெயவேலு வழக்கம்போல் போய்ச் சொன்னான். "கண்டிப்பா பாக்கறேண்ணா. நீங்க எதுர்ல இருங்க, அது போதும்" என்று சிரித்தாள். ஆறே முக்காலுக்குக் கூறைப்புடவை மாற்ற அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். ஐயர், "இன்னும் ஒரு பத்து நிமிஷம்" என்றார்.

பத்து நிமிஷம் என்பது ஜெயவேலுவின் காலுக்கு ரொம்ப நீளம். ஃபிளாஷுக்கு பேட்டரி எடுக்கிற சாக்கில் பையோடு பின்பக்கம் போனான். அங்கே சமையல் கொட்டகையைத் தாண்டி ஒரு கிணறு, அதன் பக்கத்தில் மாமரம், கீழே மழையில் ஊறிய சருகு. இரண்டு காக்கைகள் எதையோ விரட்டிக்கொண்டிருந்தன. விரட்டப்பட்டது குதித்துக் குதித்துக் கிணற்று மேடைக்கு அடியில் வந்து நின்றது.

ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வெள்ளைத் தொண்டை, கண்ணுக்குக் கறுப்பு மை, வயிற்றில் குங்குமம். இமயமலை அடிவாரத்திலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வரும் பறவை, ஐப்பசியில் களைத்துப் போய் ஏதாவது ஒரு வீட்டுத் தோட்டத்தில் இறங்கும். விடியலிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தப் பெயர். நாலு வருஷமாக அதன் குரலை மட்டும் கேட்டிருக்கிறான், ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. இப்போது பன்னிரண்டு அடி தூரத்தில் நிற்கிறது.

காக்கைகளைக் கையை வீசித் துரத்தினான். பையிலிருந்து நீள லென்ஸை எடுத்து மாட்டினான். கல்யாணத்துக்கென்று ரேணுகாம்பாள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு ஈரச் சருகில் குப்புறப் படுத்தான். அது இலையைப் புரட்டிப் புழு தேடியது. முதுகு, பக்கவாட்டு, வால், மறுபடி முதுகு. பதின்மூன்று படம். முகம் மட்டும் திரும்ப மாட்டேன் என்றது.

அப்போதுதான் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் ஜெயவேலுவின் ஆள்காட்டி விரல் தானாக அழுத்தும். அன்றைக்கும் அழுத்தியது. மேளச் சத்தத்தில் திடுக்கிட்ட குருவி சட்டென்று கழுத்தைத் திருப்பி, நேராக லென்ஸைப் பார்த்தது. பதினான்காவது படம் அது. குருவி பறந்துவிட்டது.

அவன் ஓடினான். சமையல்காரர் ஒருவர் மேல் மோதி, வாசலில் எழுந்து நின்று அட்சதை போடுகிற கூட்டத்தைப் பிளந்து மேடைக்கு முன்னால் வந்தபோது மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நாத்தனார் விலகிக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்திலும் கேமராவில் நீள லென்ஸ்தான் மாட்டியிருந்தது. அதில் பார்த்தால் மாப்பிள்ளை பிரேமின் மூக்கு மட்டும்தான் தெரியும். அவசரமாக லென்ஸை மாற்றி, குங்குமம் வைப்பதிலிருந்து எடுக்க ஆரம்பித்தான். எல்லாருடைய கண்ணும் தாலி மேல் இருந்ததால் போட்டோகிராபரை யாரும் தேடவில்லை. அவன் சட்டை முன்பக்கத்துச் சேற்றைப் பார்த்து, "இன்னா ஜெயவேலு, விழுந்துட்டியா?" என்று பக்தவச்சலம் மட்டும் அனுதாபமாகக் கேட்டார். ஆமாம் என்றான்.

இன்னொரு தடவை கட்டச் சொல்லி எடுக்க முடியுமா? மாலையை மாற்றலாம், மோதிரத்தை மறுபடி போடலாம், தாலியை மட்டும் இரண்டாம் தடவை கட்டு என்று எந்த வீட்டில் சொல்ல முடியும். சொன்னால் முதுகுத் தோல் மிஞ்சாது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு வாரம் தூக்கமில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடைசியில் தொழிலில் நாலு பேர் செய்கிற வேலையை அவனும் செய்தான். மாடம்பாக்கத்தில் எடுத்த வேறொரு கல்யாணத்திலிருந்து, கழுத்தும் கையும் தாலியும் மட்டும் தெரிகிற ஒரு படத்தைப் பொறுக்கினான். அதே மாதிரிப் பொட்டுத்தாலி, கிட்டத்தட்ட அதே அரக்குப் புடவை. நிறத்தைச் சரி பண்ணி, மேலே பூவிதழ் தூவி, இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டான். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தேவிட்டது. பக்தவச்சலம் ஆல்பத்தைப் புரட்டி, "கைய மட்டும் எடுத்துருக்கான் பாரு, சினிமா மாதிரி" என்று மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஜெயவேலு பெரிய மனுஷன் மாதிரி சும்மா இருந்திருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு இருக்க விடுமா. அந்தப் பதினான்காவது படத்தை அவன் ராத்திரியும் பகலும் திறந்து பார்த்தான். அவன் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான், அவனுக்கே தெரியும். கறுப்புப் பட்டைக்கு நடுவே ஒரு ஈரக் கண், அதில் வானத்தின் வெளிச்சம் ஒரு புள்ளி, நேராக அவனையே பார்க்கிறது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். கீழே எடுத்த நேரத்தைக் கம்ப்யூட்டர் காட்டும்: 6.52. உடனே படத்தை மூடிவிடுவான்.

பிப்ரவரியில் ஜெயப்ரியா ஸ்டுடியோவுக்கு வந்தாள். சேலையூரில் ஒரு வங்கியில் அதிகாரி, கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, தொலைநோக்கி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணையில் பறவை எண்ணுகிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவள் திரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு எடுக்க வந்ததையே மறந்தாள்.

"சார், இந்தப் பறவை ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடும். இது லென்ஸையே பாக்குதே. எப்படி சார் திரும்ப வெச்சீங்க?"

"தானா திரும்புச்சு மேடம்" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் பேசுவான்.

நவம்பரில் சேலையூர் சமுதாயக் கூடத்தில் எங்கள் குழு சார்பில் ஒரு கண்காட்சி வைக்கிறோம், தாம்பரமே வரும், வாசலில் நுழைந்ததும் முதல் படமாக இதை மூன்றடி உயரத்துக்கு மாட்டலாம் என்றாள். ஜெயவேலுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் வீட்டு ஹாலில் மற்றவர்கள் முகத்தை மாட்டியவன் அவன். அவன் பெயர் போட்டு ஒரு படம் எங்கேயும் தொங்கியதில்லை. அவள் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"டேட், டைம், பிளேஸ். மூணும் கரெக்டா வேணும் சார். படத்துக்குக் கீழ அத எழுதி ஒட்டுவோம். அது இல்லாட்டி ரெக்கார்டு இல்ல, வெறும் காலண்டர் படம். ஒரிஜினல் ஃபைலும் குடுக்கணும், நான் செக் பண்ணுவேன்."

வாங்கிக்கொண்டான். அந்தப் படம் தொங்கினால் கீழே என்ன இருக்கும்? ராஜகீழ்ப்பாக்கம், இன்ன மண்டபத்தின் கிணற்றடி, அக்டோபர் 29, காலை 6.52. பக்தவச்சலத்தின் மண்டி சமுதாயக் கூடத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. அவருக்கு மகள் கழுத்தில் தாலி ஏறிய நிமிஷம் தெரியாமல் இருக்குமா. பொய் எழுதலாம் என்றால் ஃபைல் காட்டிக் கொடுக்கும்.

"இத விட நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுக்கறேன் மேடம்" என்றான்.

அப்படி ஆரம்பித்தது அந்த வருஷத்து ஓட்டம். இன்னொரு ஆறுமணிக் குருவி, இன்னொரு நாள், சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு நேரம். அது கிடைத்தால் அவன் பெயரும் தொங்கும், பழசும் புதைந்துவிடும். மார்ச் முழுக்க விடியலில் நன்மங்கலம் காட்டுக்குப் போனான். குரல் கேட்கும், புதர் அசையும், அவ்வளவுதான். ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் சரியாக ஆறுக்கு வண்டலூர் பக்கம் ஒன்று கூவியது. மறுநாள் கூவவில்லை. வடக்கே கிளம்பிவிட்டது, இனி ஐப்பசிக்குத்தான்.

சும்மா காத்திருக்க அவனால் முடிந்ததா. மே மாதம் பள்ளிக்கரணையில் தண்ணீர் வற்றி நிலம் வெடித்தது. பக்கத்துக் குப்பைமேட்டுப் புகை சாலை வரைக்கும் வந்து கண்ணைக் கரித்தது. அந்தப் புகையில் நின்று, சேற்றில் முட்டையிட்டு அதன்மேல் சிவப்புக் காலை மடக்கி உட்கார்ந்திருந்த பவளக்காலியை எடுத்தான். ஜூலையில் நாலு தூறல் விழுந்ததும் நீளவால் இலைக்கோழி அல்லி இலை மேல் நடந்து வந்தது. அதையும் எடுத்தான். செப்டம்பரில் முதல் வாலாட்டிக் குருவி எதிர்வீட்டு மொட்டை மாடியில் வந்து இறங்கி வாலை ஆட்டியது, அதையும் விடவில்லை. எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். தூக்கத்தில் எழுந்து மணி பார்ப்பான்.

"அந்தக் குருவி உங்களுக்கு இன்னா கடனா குடுக்கணும்?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றைக்கே துர்கா வீட்டுக்குப் போகச் சொல்வாள். அவளுடைய அந்தக் குணம் அவனுக்குப் பயமாக இருந்தது.

அக்டோபர் வந்தது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் இருபத்தைந்து, வியாழக்கிழமை. அதுவரை தினமும் கீழ்க்கட்டளை ஏரிக்கரை, நன்மங்கலம், மறுபடி ஏரிக்கரை என்று அலைந்தான். மூன்று இடத்தில் வந்து போனதாகக் கேள்வி. ஒரு இடத்தில் பூனை பிடித்து மிச்சம் வைத்த நீல இறகு மட்டும் கிடைத்தது. இருபத்தைந்தாம் தேதி காலையில் குன்றத்தூர் முருகன் கோயிலில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தான். பழைய படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்றை உறையில் போட்டு, வெற்றுப் படிவத்தோடு பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் ஜெயப்ரியாவிடம் போக வேண்டும், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மலைக்கோயில் கல்யாணம் அரை மணி நேர வேலை. படி ஏறி வரும்போதே மணப்பெண்ணிடம் வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டான். போரூர்ப் பெண், பயந்த சுபாவம், தலையை மட்டும் ஆட்டினாள். சன்னதிக்கு முன்னால் இவர்களையும் சேர்த்து மூன்று ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். இவர்கள் முறை வரும் நேரத்தில், படிக்கட்டு ஓரத்து வேப்ப மரங்களுக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டே சுரத்தில் ஒரு விசில். முதல் சுரம் எழும், இரண்டாவது தாழும்.

ஜெயவேலுவின் கால் தானாகத் திரும்பியது. இருபது படி இறங்கினால் போதும். இன்றைக்குத்தான் கடைசி நாள். குரல் நகரவில்லை, ஒரே இடத்திலிருந்து கூவுகிறது, அப்படியென்றால் உட்கார்ந்திருக்கிறது. தோளில் தொங்கிய பையில் நீள லென்ஸ் இடுப்பை இடித்தது. அர்ச்சகர் தாலித் தட்டை எல்லாரும் தொட்டுக் கும்பிடச் சுற்றி அனுப்பியிருந்தார். தட்டு திரும்பி வர இரண்டு நிமிஷமாவது ஆகும். நெற்றியில் வேர்த்துக் கண்ணுக்குள் இறங்கியது.

அவன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். நின்றான் என்று சொல்வது சுலபம். ஒரு காலால் மற்ற காலை மிதித்துக்கொண்டு நின்றான்.

மேளம் கொட்டியது. பயந்த பெண் தலையைத் தூக்கினாள். முதலில் அவள் கண் கூட்டத்தில் அங்குமிங்கும் ஓடியது. யார் யாரோ கை, அட்சதை, விளக்கு. ஒரு கணம் தொலைந்துபோன பிள்ளை மாதிரி இருந்தாள். பிறகு அவனைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் முகம் தெளிந்தது, அவன் அழுத்தினான். இத்தனை வருஷமாக அந்தத் தெளிந்த முகத்தை மட்டும்தான் அவன் பார்த்திருக்கிறான். அதற்கு முந்தின தேடல் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பட்டதும் துர்காவின் நினைவு வந்தது.

படமெல்லாம் எடுத்து முடித்து இறங்கியபோது வேப்ப மரத்தடியில் சருகுதான் இருந்தது. நின்று தேடக்கூட இல்லை. ஸ்கூட்டரை எடுத்துப் பல்லாவரம் வழியாக நேரே கீழ்க்கட்டளைக்கு விட்டான்.

துர்காவும் பிரேமும் அங்கே ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். பிரேம் வேலைக்குப் போயிருந்தான். துர்கா மதிய ஷிப்டுக்குக் கிளம்ப டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. இன்னா இவ்ளோ தூரம்?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவன் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டான்.

"உன் ஆல்பத்துல தாலி கட்ற படம் இருக்குதே. அது நீ இல்லம்மா."

"தெரியும்" என்றாள் துர்கா. மூடியை அழுத்தி மூடினாள். "பாத்த அன்னிக்கே தெரியும். என் கழுத்து எனக்குத் தெரியாதா. அது யாரு?"

"மாடம்பாக்கத்துல ஒரு பொண்ணு."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா சந்தோஷமா எல்லாருக்கும் காட்டிக்கினு இருந்தாரு. அதான் சொல்லல." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க எங்கண்ணா போனீங்க?"

உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தான். கிணறு, காக்கை, பத்து நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னான். கண்காட்சியையும் படிவத்தையும் சொன்னான். இந்த வருஷமெல்லாம் இன்னொரு குருவியைத் தேடி அலைந்ததையும், எதற்காக அலைந்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அசிங்கமாக இருந்தது. "எனக்கு மன்னிப்பு கேக்கக்கூட மூஞ்சி இல்லம்மா" என்றான்.

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு மோளம் கொட்டினதும் தலையத் தூக்கிட்டேன். எதுர்ல நீங்க இல்ல. லேட்டா வருவீங்களோன்னு இந்தப் பக்கம் பாக்கறேன், அந்தப் பக்கம் பாக்கறேன். எங்க அம்மா 'குனிடீ'ன்னு முதுகுல இடிக்கறாங்க. அதுக்குள்ள கட்டி முடிச்சிட்டாரு. அவரு மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுண்ணா. கேட்டா சிரிக்கறாரு, கை நடுங்குச்சுன்னு சொல்றாரு. நான் பாக்கல. நான் உங்கள தேடிக்கினு இருந்தேன்."

ஒரு படம் போயிற்று என்றுதான் ஜெயவேலு ஒரு வருஷமாக நினைத்திருந்தான்.

"இது உங்கள நேரா பாக்குது" என்றாள் துர்கா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மோளம் கேட்டுப் பயந்து திரும்புச்சும்மா."

"நானும் மோளம் கேட்டுத்தான் பாத்தேன்."

கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. குடத்தை வைக்கச் சொல்லிப் பக்கத்துப் போர்ஷன் பெண் கூப்பிட்டாள். துர்கா படத்தை உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். இதை மாட்டப் போவதில்லை, கிழித்துவிடுகிறேன் என்றான் அவன்.

"கிழிச்சா எனக்கு இன்னா திரும்பி வரும்? நல்லாதான் கீது, மாட்டுங்க. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "டைம் மட்டும் கரெக்டா போடுங்கண்ணா. என் கல்யாணத்துல அந்த நேரத்துக்கு இருக்கறது இந்த ஒரு படம்தான்."

அவள் இறங்கிப் போனாள். ஜெயவேலு தெருவுக்கு வந்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் படிவத்தை விரித்தான். தேதி எழுதினான். மண்டபத்தின் பெயரை எழுதினான், கிணற்றடி என்று எழுதினான். லாரியைச் சுற்றிக் குடங்களின் சத்தத்துக்கு நடுவே அவள் வரிசையில் நின்றிருந்தாள், ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேரம் என்ற கட்டத்தில் காலை 6.52 என்று எழுதி, எழுத்து கோணலாக வந்ததால் அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினான்.